‘அனைத்து வைட்டல்ஸும்’ என்று விற்கப்படும் வீட்டுக் கருவித்தொகுப்பு: ஒரு மதிப்பீடு

மேற்கையில் கட்டும் டிஜிட்டல் பிரஷர் மெஷின், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆகிய மூன்றையும் ஒரே ஜிப் பையில் அடுக்கி, ‘வீட்டிலேயே அனைத்து வைட்டல்ஸும்’ (அதாவது, உடல்நிலையைக் காட்டும் அடிப்படை அளவுகள் எல்லாம்) என்று அட்டையில் அச்சடித்து விற்கும் தொகுப்புகள் இப்போது மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. அம்மாவுக்காகவும் கணவருக்காகவும் அவற்றுள் ஒன்றை வாங்கிச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஏறக்குறைய ஒரே அமைப்புள்ள பொருள் பல பெயர்களில் விற்கப்படுவதால், நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், வார்டில் ‘வைட்டல்ஸ் பார்த்தாச்சா?’ என்று கேட்கும்போது எதையெல்லாம் எதிர்பார்ப்போமோ அதை வைத்தே இந்தத் தொகுப்பையும் எடைபோடுகிறேன்.

மூன்றில் கொடுத்த பணத்துக்கு உரியது பிரஷர் மெஷின்தான். வார்டில் நாங்கள் கைப்பட்டையில் காற்றடித்து இறுக்கி, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, காற்றை மெல்ல விடும்போது முதல் ஓசை கேட்கும் இடத்தை சிஸ்டாலிக் (மேல் அளவு) என்றும், ஓசை முற்றிலும் அடங்கும் இடத்தை டயஸ்டாலிக் (கீழ் அளவு) என்றும் குறித்துக்கொள்வோம். அந்த ஓசைகளை 1905-இல் விவரித்தவர் கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர். வீட்டு மெஷின் ஓசை எதையும் கேட்பதில்லை. தமனியின் துடிப்பால் பட்டைக்குள் உண்டாகும் சிறு அதிர்வுகளை உணர்ந்து, அதிர்வு மிகுந்திருக்கும் புள்ளியைச் சராசரி அழுத்தமாகக் கொண்டு, அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கிட்டுச் சொல்கிறது. இந்தக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், இரண்டு மெஷின்கள் ஒரே கையில் சற்று மாறுபட்ட எண்களைக் காட்டினால் ஒன்று பழுது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. எங்கள் மருத்துவரின் கருவியோடு ஒப்பிட்டபோது வேறுபாடு 5 புள்ளிக்குள்ளேயே இருந்தது; வீட்டுக் கருவியிடம் அதற்கு மேல் துல்லியம் கேட்பது நியாயமில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்று இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு மட்டும் இந்த முறை தடுமாறும். அப்போது திரையில் இதயக் குறி மினுங்குகிறது. கையேடோ ‘மருத்துவரை அணுகவும்’ என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்கிறது. அந்தக் குறி தெரிந்தால் ஒரே அளவை நம்பாமல் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

பெரிய குறை மெஷினில் இல்லை, அதோடு வரும் பட்டையில் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைக்கான ஒரே பட்டை. தையல் டேப்பால் அளந்தபோது அம்மாவின் மேற்கை 20 சென்டிமீட்டர், கணவருடையது 35. வாங்கியது இவர்கள் இருவருக்காக; பட்டையோ இருவருக்குமே பொருந்தவில்லை. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் நீளம் கைச்சுற்றளவில் 80 சதவீதத்தையும், அகலம் 40 சதவீதத்தையும் தொட வேண்டும் என்பது நாங்கள் பயிற்சிக் காலத்தில் படித்த பாடம். பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகவும், பெரியதாக இருந்தால் குறைவாகவும் காட்டும். கணவருக்குக் கட்டினால் ஒட்டுப்பட்டை நுனியில் மட்டுமே பிடித்து, காற்று ஏறியதும் சர்ரென்று பிரிந்துவிடும். பிரியாத நாட்களில் மேல் அளவு 148 என்று வரும். பெரிய பட்டையைத் தனியாக வாங்கி மாட்டியபின், அதே மெஷினில், அதே நாற்காலியில், அது 136-க்கு இறங்கியது. இந்த 12 புள்ளிகளை நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டியிருந்தால், தேவையில்லாமல் இன்னொரு மாத்திரை எழுதப்படும் சாத்தியம் இருந்தது. புளூடூத்துக்கும் செயலிக்கும் செலவழித்த நிறுவனம் இரண்டாவது பட்டை ஒன்றை வைத்திருந்தால் எவ்வளவோ பயன்பட்டிருக்கும்.

முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் அமர்ந்திருப்பது, கையை மேசைமேல் இதய மட்டத்தில் வைப்பது, பேசாமல் இருப்பது, சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கும்போது எடுக்காமல் இருப்பது, காபி குடித்து அரைமணி நேரமாவது ஆன பிறகு எடுப்பது ஆகிய அனைத்தும் கையேட்டில் சரியாகவே இருக்கின்றன. ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கடையில் விற்கும் பொருளுக்கு ஒரு தாள் தமிழில் அச்சடிக்க முடியாதா? பச்சை, மஞ்சள், சிவப்பு என்று திரையோரம் எரியும் நிறக்கோடும் எனக்கு உடன்பாடானது அன்று. மருத்துவமனையில் 140/90 என்பதை எல்லையாகக் கொள்பவர்கள் வீட்டு அளவுக்கு 135/85 என்பதையே எல்லையாகக் கொள்கிறார்கள்; சிவப்பு நிறமோ ஒரே ஓர் அளவைக் கொண்டு அம்மாவைப் பயமுறுத்துகிறது, பயத்தில் அடுத்த அளவு இன்னும் ஏறுகிறது.

ஆக்ஸிமீட்டரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் விரலைக் கடக்கும் விகிதத்தைக் கொண்டு இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைச் சொல்லும் இந்த நுட்பம் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970-களில் தந்தது. அதை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது கொரோனா. தொகுப்பில் உள்ள கருவி எடுத்ததும் 91, 93 என்று அலைந்து, அரை நிமிடம் பொறுத்தால் 97-இல் நிற்கிறது. துடிப்பு அலை சீரான பிறகு தெரியும் எண்ணையே எழுத வேண்டும். நகப்பூச்சு, மருதாணி, குளிர்ந்த விரல் ஆகியவை இதைக் குழப்பும். நிறம் அடர்ந்த தோலில் இது உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும் என்று ஆய்வுகள் எச்சரித்திருப்பதால், நம் ஊரில் 94 என்ற எண்ணைக் கண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. தெர்மாமீட்டரில் குறை இல்லை. அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிட ஏறக்குறைய 1 டிகிரி பாரன்ஹீட் குறைவாகக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

அட்டையில் உள்ள ‘அனைத்து’ என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் தொங்கும் டிபிஆர் சார்ட்டில் வெப்பம், நாடி, சுவாசம் என்ற மூன்றும் சேர்ந்தே இருக்கும். இந்தத் தொகுப்பு வெப்பத்தையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் ஆக்ஸிஜனையும் தருகிறது. சுவாச வீதம் பெட்டியில் இல்லை, கையேட்டிலும் இல்லை, உடன் வரும் குறிப்பேட்டில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். பிரிட்டனின் மருத்துவமனைகள் நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டறியப் பயன்படுத்தும் மதிப்பெண் முறையில், சுவாசம் 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 மதிப்பெண் விழும். மதிப்பெண் கூடக்கூட ஆபத்தும் கூடுதல்; ஓர் அளவுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மதிப்பெண்ணே அந்த 3தான். குழந்தைகளின் நிமோனியாவைக் கண்டறிய உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எளிய வழியும் மூச்சை எண்ணுவதுதான்: 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50, ஒரு வயது முதல் 5 வயதுக்குள் 40 என்பவை எச்சரிக்கை எல்லைகள். காய்ச்சலும் சளியும் உள்ள முதியவரின் ஆக்ஸிஜன் 96-இல் நிற்கும்போதே மூச்சு 28-ஆக ஓடுவதை வார்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த 96-ஐத் தக்கவைக்க உடல் படும் பாட்டை ஆக்ஸிமீட்டர் சொல்லாது.

இதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை, விநாடி முள் உள்ள கடிகாரம் போதும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலும் இரண்டாகிவிடும். குறிப்பேட்டின் ஓரத்தில் அளவுகோல் வைத்து நானே ஒரு கட்டம் வரைந்துகொண்டேன்.

வாங்கலாமா என்றால், தொகுப்பாக வேண்டாம் என்பேன். தெர்மாமீட்டர் பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். கொரோனா காலத்து ஆக்ஸிமீட்டரும் பேட்டரி மாற்றினால் பெரும்பாலும் வேலை செய்யும். மெஷினை மட்டும், பட்டையின் அளவைத் தேர்ந்தெடுக்கவிடும் கடையில் வாங்குங்கள். போவதற்கு முன் யாருக்கெல்லாம் பார்க்கப் போகிறீர்களோ அவர்களின் மேற்கையை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பட்டையைப் பின்னர் தனியாக வாங்க நேர்ந்தால், காற்றுக்குழாயின் முனை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், மெஷினையே கையோடு எடுத்துச் செல்வது அலைச்சலைக் குறைக்கும்.