மாமல்லபுரம் நாட்டிய விழா: அங்கேயே தங்குவதா, காஞ்சியில் தங்குவதா?

டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியிலும் தொடரும் திறந்தவெளி விழா. சனி, ஞாயிறு இரண்டு இரவும் பார்க்க நினைக்கும் வேலூர்க்காரர்களுக்கு, ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தினமும் வந்து போவது ஆகாத காரியம்.

வாடகை
மாமல்லபுரம்: சுற்றுலாப் பயணிகள் குவியும் பருவம், அறை விலை ஏறிவிடும்.
காஞ்சி: யாத்திரிகர்களுக்கான எளிய விடுதிகள் நிறைய, கையைக் கடிக்காது.

இரவுத் திரும்பல்
மாமல்லபுரம்: பொடிநடையாக அறைக்குப் போய்விடலாம்.
காஞ்சி: திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக 65 கிலோமீட்டர் அளவு. பஸ்ஸை நம்பி வந்தால் நிகழ்ச்சியின் நடுவில் வரும் நீண்ட உருப்படியான வர்ணம் நடக்கும்போதே மனம் நிலையத்துக்கு ஓடிவிடும். கச்சேரியின் உச்சமே கடைசியில் வரும் தில்லானாதான். ஜதிக்கு ஜதி சலங்கை வேகமெடுக்கும் அந்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பது எனக்குப் பொறுக்காது.

பகல் பொழுது
மாமல்லபுரம்: விடியற்காலையில் கிழக்கு நோக்கிய கடற்கரைக் கோயில் மீது வெயில் விழுவதைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம்.
காஞ்சி: கடற்கரைக் கோயிலைக் கட்டிய அதே பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய கைலாசநாதர் கோயில் இருக்கிறது. கல்யாணப் பட்டும் எடுத்துவிடலாம்.

எங்கே தங்கினாலும் விழா நடக்கும் இடத்தில் கடற்காற்றும் பனியும் உண்டு, சால்வை அவசியம்.

பெரியவர்கள், குழந்தைகளோடு போனாலோ பஸ்ஸில் போனாலோ மாமல்லபுரமேதான். செலவைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்கள், சொந்தக் கார், இரவில் களைப்பில்லாமல் ஓட்ட ஆள் மூன்றும் இருந்தால் காஞ்சி கட்டுப்படியாகும். பொங்கலை ஒட்டிய வாரம் என்றால் அறையை முதலில் உறுதி செய்துவிட்டு விடுப்புக்கு எழுதுங்கள்.