துண்டுகள் அருமை, கூட வந்த கதைதான் தவறு

ஏழு துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் புதிர்தான் டாங்கிராம். அதன் செட் எதுவானாலும் நான் முதலில் கையிலெடுப்பது இணைகரத்தைத்தான். மற்ற ஆறும், ஐந்து முக்கோணமும் ஒரு சதுரமும், கவிழ்த்துப் போட்டாலும் அதே வடிவம்தான். இணைகரம் மட்டும் கவிழ்த்தால் மாறிவிடும். பல உருவங்கள் அப்படிக் கவிழ்த்தால்தான் கூடிவரும். ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசிய செட்டுகள் இங்கேதான் சொதப்பும். இந்த மரச் செட்டில் சாயமே இல்லை. இரு பக்கமும் ஒரே வழவழப்பு.

அளவும் துல்லியம். இரண்டு சின்ன முக்கோணங்களைச் சேர்த்துச் சதுரத்தின் மேல் வைத்து, ஓரத்தில் நகத்தை ஓட்டினேன், எங்கும் தட்டவில்லை. நடு முக்கோணத்தின் நீண்ட பக்கம் பெரிய முக்கோணத்தின் குட்டைப் பக்கத்தோடு அப்படியே பொருந்துகிறது. பெட்டிதான் கொஞ்சம் இறுக்கம். கவிழ்த்துத் தட்டினால்தான் துண்டுகள் வெளியே வரும். முக்கோணங்களின் கூர்முனை சிலும்பிவிடும் என்பதால் தட்டும்போது கவனம் தேவை.

கூட வரும் கையேட்டில்தான் எனக்குக் கோபம். "4000 ஆண்டுப் பழைய சீனப் புதிர்" என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் புதிர் மன்னர் சாம் லாயிட் 1903-ல் வெளியிட்ட புத்தகத்துக்காக இட்டுக்கட்டிய கதை அது. புதிர் சீனாவில் பிறந்தது உண்மை. ஆனால் இதைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சீனப் புத்தகம் 1813-ஐச் சேர்ந்தது. இந்தப் புதிர் கப்பல் வழியே மேற்கே போய், 1817, 1818-ல் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஒரு ஆட்டு ஆட்டியது. அப்புறம் 1890-களில் ஜெர்மனியின் ரிக்டர் நிறுவனம் மணல், சுண்ணத்தூள், ஆளிவிதை எண்ணெய் கலந்து அழுத்திய கல் துண்டுகளாக விற்றது. இவ்வளவு நல்ல நிஜக் கதை இருக்கும்போது பொய் எதற்கு?

புதிர்ப் பக்கங்களுக்கு வருவோம். தாள் மெல்லியது; பின்பக்கத்தில் அச்சான விடையின் கோடுகள் இந்தப் பக்கம் தெரிகின்றன. அடியில் ஒரு அட்டை வைத்துக்கொண்டு பாருங்கள். ஏழு துண்டுகளையும் சேர்த்து, உள்ளே குழிவில்லாத வடிவங்கள் மொத்தம் 13-தான் அமைக்க முடியும் என்று 1942-லேயே நிரூபித்துவிட்டார்கள்: ஒரு முக்கோணம், ஆறு நாற்கரம், இரண்டு ஐங்கோணம், நான்கு அறுகோணம். கையேட்டில் அவை பதின்மூன்றும் இருக்கின்றன. பூனை, படகு எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த முக்கோணத்தைப் போட்டுப் பாருங்கள்.