ஆய்வேட்டை வடிவமைக்க வேர்டா, லேடெக்கா: கடைசி மாதத்தில் தெரியும் வேறுபாடு

முதுகலை ஆய்வேட்டை வேர்டிலும், சில ஆண்டுகள் கழித்து முனைவர் பட்ட ஆய்வேட்டை லேடெக்கிலும் வடிவமைத்து ஒப்படைத்தவன் நான். லேடெக் என்பது, உரையையும் வடிவக் கட்டளைகளையும் வெறும் எழுத்துக்கோப்பில் எழுதி, அதை இயக்கிப் பக்கங்களாகப் பெறும் மென்பொருள். எழுதும் உழைப்பு இரண்டிலும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒப்படைப்புக்கு முந்தைய மாதம் மட்டும் ஒன்றாக இருக்கவில்லை. அந்த மாதத்தையே அளவுகோலாக வைத்து இரண்டையும் ஒப்பிடுகிறேன். என் சாய்வு லேடெக்கின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வழக்கமாகப் பேசப்படும் வேறுபாடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். வேர்டைத் திறந்தவுடன் தட்டச்சு செய்யத் தொடங்கலாம். லேடெக்கில் உருப்படியான முதல் பக்கத்தைப் பார்ப்பதற்குள் ஒரு நாள் ஓடிவிடக்கூடும். கணிதச் சமன்பாடுகள் லேடெக்கில் அழகாக அமையும் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் வேர்டின் சமன்பாட்டுக் கருவியும் இப்போது லேடெக் குறியீட்டை ஏற்றுக்கொள்வதால் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. லேடெக் இலவசம்; கட்டணமில்லாமல் வேர்டு போன்ற ஒன்று வேண்டும் என்பவருக்கு லிப்ரெஆபிஸ் இருக்கிறது. பத்தியின் தோற்றத்தில் லேடெக் மேலானது என்பதற்குக் காரணம் உண்டு. லேடெக்கின் அடித்தளமாக இருப்பது டொனால்டு நூத் உருவாக்கிய டெக்; அது வரியை எங்கே முறிப்பது என்பதை ஒவ்வொரு வரியாக அல்லாமல் பத்தி முழுவதையும் பார்த்துத் தீர்மானிக்கிறது. அந்த முறையை அவரும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்டனர். சொற்களுக்கிடையே அகன்ற வெள்ளைப் பள்ளங்கள் குறைவாகத் தெரிவது அதனால்தான். ஆனால் எந்தத் தேர்வாளரும் அதற்காக ஆய்வேட்டை ஏற்றுக்கொள்ளப் போவதில்லை.

தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது வேறொன்று: எழுதி முடித்த பிறகு வரும் மாற்றங்கள். ஆய்வேடு என்பது ஒருமுறை எழுதி ஒருமுறை அச்சிடும் பொருள் அன்று. நெறியாளர் மூன்றாம் இயலை இரண்டாம் இயலுக்கு முன்னால் கொண்டுபோகச் சொல்வார். வடிவச் சரிபார்ப்பில் இடப்பக்க ஓரம் கட்டுக்குப் போதாது என்று திருப்பி அனுப்புவார்கள். புறத்தேர்வாளர் ஒரு படத்தை நீக்கிவிட்டு அதனிடத்தில் இரண்டைச் சேர்க்கச் சொல்வார். ஒவ்வொரு மாற்றமும் தன் பின்னால் இருபது சிறு மாற்றங்களை இழுத்துக்கொண்டு வரும். இயல் எண், பட எண், அட்டவணை எண், பொருளடக்கத்தின் பக்க எண், 'படம் 4.7இல் கண்டவாறு' என்று உரைக்குள் ஆங்காங்கே நிற்கும் சுட்டுகள் என எல்லாம் நகர்ந்தாக வேண்டும். அந்த நகர்வை மென்பொருள் செய்கிறதா, அல்லது நள்ளிரவில் நீங்கள் செய்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

என் முதுகலை ஆய்வேட்டில் நேர்ந்ததைச் சொல்கிறேன். பிழை முழுவதும் என்னுடையது. வேர்டில் படத்தின் கீழ் எண்ணை அதற்குரிய வசதியின் வழியே செருகினால் மென்பொருள் அதற்கு ஓர் அடையாளக்குறியை வைத்துக்கொள்ளும்; உரையில் வரும் குறுக்குச்சுட்டு அந்த அடையாளத்தைத் தேடி எண்ணை எடுத்துக் காட்டும். இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஒப்படைப்புக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது ஒரு படத்தின் விளக்கவரி பிடிக்காமல் அதை முழுவதும் அழித்துவிட்டுக் கையால் புதிதாகத் தட்டச்சு செய்தேன். திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது, ஏனெனில் எண்ணை எடுத்துக் காட்டும் அந்த இடங்கள், அதாவது புலங்கள், தாமாக உடனுக்குடன் புதுப்பித்துக்கொள்வதில்லை. அச்சிடுவதற்கு முன் புலங்களைப் புதுப்பிக்கும் அமைப்பு என் கணினியில் இயங்கிக்கொண்டிருந்ததால், அச்சாகி வந்த தாளில் மட்டும், வாக்கியத்தின் நடுவே தடித்த எழுத்தில், 'பிழை! சுட்டிய மூலம் காணப்படவில்லை' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு நின்றது. ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில். பைண்டிங் முடிந்த பிறகுதான் அதைப் பார்த்தேன்.

இதே வகையைச் சேர்ந்தது பிரிவு முறிப்பு. முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் உடற்பகுதிக்கு வழக்கமான எண்ணும் வேண்டும் என்றால் வேர்டில் பிரிவுகளாக வெட்ட வேண்டும். ஒரு பிரிவின் ஓர அளவு, பக்கத் தலைப்பு, எண் முறை ஆகியவை அந்தப் பிரிவின் இறுதியில் உள்ள முறிப்புக் குறியில்தான் சேமிக்கப்படுகின்றன. எனவே வெற்றுப் பக்கம் ஒன்று தெரிகிறதே என்று அந்தக் குறியை அழித்தால், மேலே உள்ள பிரிவு கீழே உள்ளதன் அமைப்பை எடுத்துக்கொண்டுவிடும். அகன்ற அட்டவணைக்காகப் படுக்கையாகத் திருப்பிய பக்கம் ஒன்று அடுத்து இருந்தால், இயல் முழுவதும் படுத்துக்கொள்ளும். பலருக்கு இது மென்பொருளின் கிறுக்காகத் தோன்றுகிறது. உண்மையில் விதி தெளிவானதுதான், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

வேர்டுக்கு நியாயம் செய்வதானால், தலைப்புகளை ஸ்டைல் வழியே மட்டும் அமைத்து, விளக்கவரிகளையும் சுட்டுகளையும் உரிய வசதியால் மட்டும் செருகி, ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுத்துப் புலங்களைப் புதுப்பிக்கும் எஃப்9 விசையை அவ்வப்போது அழுத்திவருபவருக்கு இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி நேராது. அப்படி ஒழுங்காகச் செய்து இருநூறு பக்கங்களைச் சிக்கலின்றி முடித்த நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் அந்த ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு முழுவதும் எழுதுபவருடையது. அவசரத்தில் ஒரு தலைப்பைக் கையால் தடிமனாக்கினால் தடுப்பார் இல்லை. வேறொரு கோப்பிலிருந்து ஒட்டிய பத்தி தன் ஸ்டைலையும் கூடவே கொண்டுவந்து குடியேறும்.

லேடெக்கில் அந்தத் தவறைச் செய்வதே கடினம். படத்துக்கு நீங்கள் எண் தருவதில்லை. 'வெப்பநிலை-வரைபடம்' என்பது போன்ற ஒரு பெயரைத் தருகிறீர்கள், உரையிலும் அந்தப் பெயரையே சுட்டுகிறீர்கள். கோப்பை இயக்கும்போது முதல் சுற்றில் எண்கள் ஒரு துணைக்கோப்பில் எழுதப்படும். அடுத்த சுற்றில் அவை அங்கிருந்து படிக்கப்பட்டு உரிய இடங்களில் அமரும். இரண்டு, மூன்று முறை இயக்க வேண்டியிருப்பது அதனால்தான். சுட்டிய பெயர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் தடித்த இரட்டைக் கேள்விக்குறி நிற்கும். பதிவுக்கோப்பிலும் எந்தப் பெயர், எந்தப் பக்கம் என்று எச்சரிக்கை எழுதப்படும். பிழை இங்கும் நேரலாம், ஆனால் அச்சகத்துக்குப் போகும் வரை ஒளிந்திருக்காது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இயல்களை இடம் மாற்றச் சொன்னபோது, முதன்மைக் கோப்பில் இரண்டு வரிகளை முன்பின்னாக வைத்துவிட்டு மூன்று முறை இயக்கினேன். பொருளடக்கம், படப்பட்டியல், சமன்பாட்டு எண்கள் எல்லாம் தேநீர் ஆறுவதற்குள் புதிய வரிசைக்கு வந்துவிட்டன. 'முந்தைய இயலில் கண்டோம்' என்று சொல்லாக எழுதிவைத்த நான்கு இடங்களை மட்டும் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

வடிவ விதிகள் மாறும்போதும் இதே கதைதான், ஒரு விலக்கோடு. ஓர அளவை மாற்ற ஒரே வரி போதும். வரி இடைவெளியில்தான் நான் தடுமாறினேன். 'இரட்டை வரி இடைவெளி' என்ற சொல் இரண்டு மென்பொருள்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. லேடெக்கில் கூடுதல் வசதிகளைத் தரும் துணைநிரல்களைத் தொகுப்புகள் என்பார்கள். 12 புள்ளி எழுத்தளவில் செட்ஸ்பேஸ் என்ற தொகுப்பு, ஒரு வரியின் அடிக்கும் அடுத்த வரியின் அடிக்கும் இடையே எழுத்தின் அளவைப் போல் இருமடங்கு, அதாவது 24 புள்ளி வைக்கிறது. வேர்டோ எழுத்துருவின் இயல்பான வரி உயரத்தை இருமடங்காக்குகிறது. டைம்ஸ் நியூ ரோமனில் அது ஏறத்தாழ 27.6 புள்ளி. வேர்டுப் பக்கங்களையே பார்த்துப் பழகிய சரிபார்ப்பாளர் அளவுகோலை வைத்துப் பார்த்து, என்னுடையது இரட்டை இடைவெளியே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஓர் எண்ணை உயர்த்தியதும் இருநூற்றுச் சொச்சம் பக்கங்களும் ஒருசேர மாறின. விதியைச் சொல்லாக மட்டும் கேட்டுக்கொள்ளாமல், ஏற்கப்பட்ட ஒரு பழைய ஆய்வேட்டின் பக்கத்தை அளந்து பார்த்திருந்தால் அந்த வாரம் மிஞ்சியிருக்கும்.

லேடெக்கின் செலவுகளையும் மறைக்கக் கூடாது. விடுபட்ட ஓர் அடைப்புக்குறிக்காக, அதற்குத் தொடர்பே இல்லாத நாற்பது வரிகளுக்குக் கீழே புரியாத மொழியில் பிழை காட்டும். அட்டவணை அமைப்பது வேர்டில் விளையாட்டு, இங்கே தண்டனை; கலங்களை இணைத்த ஓர் அட்டவணைக்கு நான் ஒரு மாலையைக் கொடுத்திருக்கிறேன். படங்கள் நாம் வைத்த இடத்தில் நிற்காமல் அடுத்த பக்கத்துக்கு மிதந்து போகும். முதல் வரைவிலேயே அவற்றைக் கட்டிவைக்க முயல்வது வீண்வேலை, கடைசி வரைவில் பார்த்துக்கொண்டால் போதும். மூத்த மாணவர் கொடுக்கும் வார்ப்புரு இன்னொரு பொறி. பலர் கைமாறி வரும் அந்தக் கோப்பில் எப்போதோ கைவிடப்பட்ட தொகுப்புகள் கிடக்கும். ஒன்றை நீக்கினால் இன்னொன்று முறியும். எனக்குக் கிடைத்ததைச் செப்பனிட முயன்று அலுத்துப்போய், லேடெக்கோடு வரும் பொதுவான புத்தக வடிவமைப்பிலிருந்து தொடங்கி வேண்டியதை மட்டும் நானே சேர்த்துக்கொண்டேன். லேடெக்கைக் கணினியில் நிறுவப் பயன்படும் டெக் லைவ் ஆண்டுதோறும் புதிய பதிப்பாக வருகிறது. எழுதத் தொடங்கிய பதிப்பிலேயே ஒப்படைக்கும் வரை இருந்துவிடுவது பாதுகாப்பு.

வேர்டு ஐயமின்றி வெல்லும் இடம் ஒன்று உண்டு, அது நெறியாளரின் மேசை. திருத்தங்களை வண்ணத்தில் காட்டி, ஓரத்தில் குறிப்பெழுதி, ஏற்கவும் மறுக்கவும் வழிசெய்யும் வசதிக்கு நிகராக லேடெக்கில் நான் எதையும் கண்டதில்லை. ஓவர்லீஃப் போன்ற இணையத் தளங்களில் கருத்து எழுதலாம். லேடெக்டிஃப் என்ற கருவி இரு வரைவுகளை ஒப்பிட்டு, சேர்த்ததையும் நீக்கியதையும் குறித்த கோப்பைத் தரும்; அதை இயக்கினால் பிடிஎஃப் கிடைக்கும். என் நெறியாளர் அந்தப் பிடிஎஃப் மீதே குறிப்பெழுத ஒப்புக்கொண்டார் என்பதால்தான் என் வழி நடந்தது. வேர்டுக் கோப்பு இல்லாமல் படிக்கமாட்டேன் என்பவரிடம் பணிபுரிபவர் வேர்டிலேயே எழுதட்டும். ஒவ்வொரு முறையும் பாண்டாக் என்ற கோப்பு மாற்றும் கருவியைக் கொண்டு இங்குமங்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், போகவரச் சுட்டுகளும் அட்டவணைகளும் சிதைந்து, இரு பக்கத்துத் தொல்லையும் ஒரே ஆளுக்கு வந்துசேரும்.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை வேறு. லேடெக் கோப்பை இயக்கப் பல நிரல்கள் உண்டு; அவற்றில் பழைய பிடிஎஃப்லேடெக் தமிழுக்கு உதவாது. ஒருங்குறியையும் ஓப்பன்டைப் எழுத்துருக்களையும் நேரடியாகக் கையாளும் ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் வேண்டும். 'கொ' என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் சரியாக அமர, லுவாலேடெக்கில் எழுத்துருவை அழைக்கும்போதே ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்பியைக் குறிப்பிட்டாக வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்புகள், அந்த எழுத்துரு நிறுவிய கணினியின் வேர்டில் தமிழாகத் தெரியும். லேடெக்குக்குக் கொண்டுவருமுன் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும். துணைநூற்பட்டியலை அகரவரிசையில் அடுக்கும்போது, குறியீட்டெண்ணை மட்டும் பார்க்கும் கருவி னகரத்தை நகரத்தை ஒட்டியும் றகரத்தை ரகரத்தை ஒட்டியும் வைத்துவிடும். ஒருங்குறியின் வரிசையாக்க விதிகளைப் பின்பற்றும் பைபர் என்ற நூற்பட்டியல் கருவியைப் பயன்படுத்தினால் அவை வரிசையின் இறுதியில் தமக்குரிய இடத்துக்குப் போகும். நான் தமிழில் எழுதியது மேற்கோள்களும் ஓர் இணைப்பும் மட்டுமே. முழு ஆய்வேட்டையும் தமிழில் அமைத்தவர்கள் இதில் என்னைவிடக் கூடுதலாகச் சொல்லக்கூடும்.

மூன்றாவதாக டைப்ஸ்டும் இப்போது பேசப்படுகிறது. 2023இல் பொதுவெளிக்கு வந்த அது, லேடெக்கின் அதே தத்துவத்தை எளிய குறியீட்டோடும் புரியும் பிழைச்செய்திகளோடும் தருகிறது. தட்டச்சு செய்யும்போதே பக்கம் புதுப்பிக்கப்படுகிறது. அதில் நான் பத்துப் பக்க அறிக்கை ஒன்றுதான் எழுதியிருக்கிறேன் என்பதால், ஆய்வேட்டின் கடைசி மாதத்தை அது எப்படித் தாங்கும் என்று தீர்ப்பளிக்க எனக்குத் தகுதியில்லை. எழுதிப் பார்த்த அளவில் எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே சமன்பாடும் படமும் அரிதாக, சுட்டுகள் குறைவாக, நெறியாளர் வேர்டை விரும்புபவராக இருந்தால் வேர்டே போதும். ஒப்படைக்க மூன்று மாதங்களே இருப்பவரும் புதிதாக லேடெக் கற்கத் தொடங்க வேண்டாம். மற்றவர்கள் எழுதத் தொடங்கிய முதல் மாதத்திலேயே, தலைப்புகளும் ஓரிரு படங்களும் மட்டும் கொண்ட வெற்றுக் கூட்டை லேடெக்கில் உருவாக்கி, வடிவச் சரிபார்ப்புக்குக் காட்டி ஒப்புதல் பெற்றுவிடலாம். வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு என்னிடம் பதினேழு திருத்தங்கள் கேட்டார்கள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் செய்யப்பட்டது என்று தனிப் பட்டியலும் கேட்டார்கள். லேடெக்கில் எக்ஸ்ஆர் என்ற தொகுப்பு உண்டு. ஒரு கோப்பிலுள்ள பெயர்களை இன்னொரு கோப்பிலிருந்து சுட்ட அது வழிசெய்கிறது. திருத்திய இடங்களுக்குப் பெயரிட்டு, பட்டியலை அவற்றோடு இணைத்துவிட்டேன். பன்னிரண்டாம் திருத்தம் ஐந்தாம் இயலை ஒன்றரைப் பக்கம் நீட்டியபோது, பட்டியலில் அதற்குக் கீழிருந்த ஐந்து பக்க எண்களும் அடுத்த இயக்கத்தில் தாமாகவே மாறிக்கொண்டன.