தர்பூசணி விதை: குழியில் ஊன்றலாமா, கப்பில் முளைக்க வைக்கலாமா?

தை பிறந்ததும் எனக்கும் அக்காவுக்கும் போனில் இதே பேச்சுதான். நான் தர்மபுரியை அடுத்த காரிமங்கலம் பக்கம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது தேன்கனிக்கோட்டையில். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் நான் தர்பூசணி விதையை நேராகக் குழியிலேயே ஊன்றிவிடுவேன். அவர் பேப்பர் கப்பில் முளைக்க வைத்துப் பிறகுதான் நடுவார். ஆறு வருஷமாக இருவருமே அவரவர் வழியை விடவில்லை.

"உங்க ஊர் வெயிலுக்கு அது சரிப்பட்டு வரும்டா தம்பி. இங்க தை மாசம் விடியறப்ப வாயைத் தொறந்தா புகை வருது. மண்ணுக்குள்ள விதை எப்படி முளைக்கும்?" என்பார் அக்கா.

அவர் சொல்வது நியாயம்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். தர்மபுரி ஏறக்குறைய அதில் பாதிதான். தர்பூசணி விதைக்கு மண் சூடு 25 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூடு இருந்தால் ஐந்தாறு நாளில் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். 18 டிகிரிக்குக் கீழே போனால் ஈரத்தில் ஊறி ஊறி அழுகும். அக்கா தை முதல் வாரத்தில் நேராக ஊன்றிய வருஷம் பாதிக்குழி காலி. அதே விதையைக் கப்பில் போட்டு, இரவில் சமையலறை ஜன்னல் ஓரமும் பகலில் வெயிலும் காட்டிய பிறகு ஏறக்குறைய எல்லாமே முளைத்தன. அந்த மேட்டில் கப் முறைதான் சரி. இல்லையென்றால் மாசி பிறக்கும்வரை காத்திருந்து நேராக ஊன்ற வேண்டும்.

தர்மபுரி, அரூர், ஊத்தங்கரை போன்ற தாழ்வான ஊர்களுக்கு வந்தால் கதை வேறு. இங்கே நான் நேரடி விதைப்பின் பக்கம். காரணம் வேர்.

போன வருஷம் அக்கா ஒரு குழித்தட்டு நாற்று கொண்டுவந்து கொடுத்தார். 25 நாள் வயது, நாலு இலை, பார்க்க அழகாக இருந்தது. ஒரு நாற்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன். அடித்துளை வழியாக வேர் வெளியே வந்து, வெள்ளை நூல்கண்டு மாதிரி சுற்றிச் சுற்றிக் கிடந்தது. பிரித்து எடுத்தபோது நுனி வேர்கள் பட்டுப்பட்டென்று அறுந்தன. தக்காளி, கத்திரி என்றால் இது ஒரு பொருட்டே இல்லை, நாலு நாளில் புது வேர் விட்டுவிடும். தர்பூசணி அப்படி இல்லை. அறுந்த வேருக்காகப் பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே நின்றது. அதே நாளில் பக்கத்துக் குழியில் நான் ஊன்றிய விதை முளைத்து, கொடி வீசி, ஒரே மாதத்தில் அந்த நாற்றை முந்திவிட்டது.

அதற்காகக் கப் முறையே தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த நாற்றுக்கு வயது கூடிவிட்டது, அவ்வளவுதான். 12 முதல் 15 நாளுக்குள், முளைத்ததும் முதலில் வரும் வித்திலைக்கு அடுத்து இரண்டு நிஜ இலை விட்டதும், மண்கட்டி உடையாமல் சாயங்கால நேரத்தில் நட்டால் செடிக்கு அதிர்ச்சியே தெரியாது. சின்னக் குழித்தட்டைவிட டீ கப் அளவு நல்லது. அடியைக் கிழித்துவிட்டுக் கப்போடு நடுவது இன்னும் நல்லது.

நேரடி விதைப்பின் தொல்லை வேறு இடத்தில். எறும்பு, அணில், கோழி, இப்போது மயிலும் சேர்ந்துகொண்டது. அதனால் குழிக்கு நாலு விதை. ஒன்றரை அடிக் குழி தோண்டி, மக்கின சாணி எரு இரண்டு கூடை, வேப்பம் புண்ணாக்கு ஒரு கை கலந்து மூடி, ஒரு வாரம் ஆறவிட்டு, ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றுவேன். முளைத்த பிறகு தெம்பான இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் சேர்ந்து ஆடும். முதல் இரண்டு வாரம் சிவப்பு வண்டு வித்திலையைச் சல்லடையாக்கிவிடும். பனி ஈரம் காயுமுன் காலையில் அடுப்புச் சாம்பல் தூவுங்கள், இலையில் ஒட்டிக்கொள்ளும். கப்பில் வளர்ப்பவர்களுக்கு அந்த இரண்டு வாரமும் நாற்று கண் பார்வையில் இருக்கிறது. அது அவர்களுக்குப் பெரிய லாபம்.

அடுத்த கேள்வி, எந்த விதை. சாப்பிட்ட பழத்தின் விதையை எடுத்துப் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முளைக்கும், காய்க்கும். ஆனால் சந்தைக்கு வரும் பழம் பெரும்பாலும் வீரிய ஒட்டு, அதாவது ஹைப்ரிட். அதன் விதையில் தாய்ப்பழத்தின் ருசி அப்படியே வராது. ஒரு குழி சிவப்பாக வரும், இன்னொன்று வெளிறிப்போய் வரும். பிள்ளைகள் முளைக்கிறதைப் பார்க்கட்டும் என்றால் போடுங்கள். பழத்துக்காக மூன்று மாதம் தண்ணீர் விடப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

வீரிய ஒட்டு விதையின் பழம் ஒரே அளவாக வரும், தோல் கெட்டி, லாரியில் போனாலும் தாங்கும். ஏக்கர் கணக்கில் போடுகிறவருக்கு அதுதான் சரி. நமக்கு வேண்டியது இருபது விதை. அதற்கு ஒரு முழு பாக்கெட் வாங்கி, அடுத்த வருஷம் மறுபடியும் வாங்க வேண்டும். விதையில்லாத ரகத்தை வீட்டுக்கு நினைக்கவே வேண்டாம். அதற்கு மகரந்தம் கொடுக்க விதையுள்ள ரகம் ஒன்றும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

என் கை போவது இரண்டு ரகத்துக்கு. ஒன்று சுகர் பேபி. அமெரிக்க ரகம், கறுப்பாகத் தெரிகிற கரும்பச்சைத் தோல், உருண்டை, மூன்று முதல் ஐந்து கிலோ. 75, 80 நாளில் பறிக்கலாம், நாலு பேர் உள்ள வீட்டில் ஒரே வேளையில் தீர்ந்துவிடும். இன்னொன்று அர்கா மாணிக். பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடு. பச்சைத் தோலில் வரி, ஆறு கிலோ வரை, நாளும் கூட எடுக்கும். ஆனால் சாம்பல் நோயைத் தாங்குகிறது. பகலில் வெயிலும் இரவில் குளிர்ச்சியுமாக இருக்கிற தேன்கனிக்கோட்டையில் மாசி மாதம் இலையெல்லாம் வெள்ளை பூத்துவிடும் என்பதால் அக்காவுக்கு இதைத்தான் சொல்வேன். இங்கே எனக்குச் சுகர் பேபி போதும். இரண்டிலும் விதை எடுத்து வைக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே தோட்டத்தில் போட்டால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். விதைக்கு வைக்கிற பெண் மொட்டை முந்தின நாள் சாயங்காலமே துணியால் கட்டி, காலையில் அதே ரகத்தின் ஆண் பூவால் தொட்டு, மறுபடி கட்டிவிடுங்கள்.

மொட்டை மாடியில் வைக்கலாமா? வைக்கலாம். இரண்டடி அகலப் பை, பைக்கு ஒரு செடி, ஒன்றிரண்டு பழம். சித்திரை வெயிலில் ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் கொடி துவண்டுவிடும். தரை இருக்கிறவர்கள் தரையிலேயே போடுங்கள்.

எந்த வழியில் போட்டாலும் பூ விட்ட பிறகு பாடு ஒன்றுதான். முதல் பத்து நாள் ஆண் பூ மட்டும் வந்து உதிரும், பயப்படாதீர்கள். பிறகு அடியில் சுண்டைக்காய் அளவு பிஞ்சோடு பெண் பூ வரும். அது விரிந்திருப்பது ஒரே ஒரு நாள். எங்கள் பக்கம் அதே சமயம்தான் மாந்தோப்புகளில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கிறார்கள், தேனீ குறைந்துவிடுகிறது. அதனால் காலை ஏழு, எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அதிலுள்ள மகரந்தத் தூளை மூன்று பெண் பூவிலாவது நானே தடவிவிடுவேன். பிடித்த பிஞ்சு இரண்டே நாளில் தலை கவிழ்ந்து பெருக்க ஆரம்பிக்கும்.

பறிப்பதில்தான் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். கொடியிலிருந்து அறுத்த பிறகு இந்தப் பழம் இனிப்பு ஏறாது. அம்மா தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். எனக்கு அந்தக் காது வரவில்லை, காம்புப் பக்கத்தில் கொடியில் இருக்கிற சுருள் பற்றுக்கம்பியைப் பார்ப்பேன். அது பச்சையாக இருந்தால் தொட மாட்டேன். அடிவரை காய்ந்து பழுப்பாகி, தரையில் பட்ட வயிறும் வெள்ளை மாறி வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கத்தி எடுப்பேன். அதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்திருப்பேன். காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் கட்டினால் பழம் வெடித்துவிடும், போன பங்குனியில் அப்படி இரண்டு பழம் போயின.

இந்தத் தையில் ஆறு குழி எடுத்து எரு போட்டு மூடியிருக்கிறேன். ஐந்தில் விதை. ஆறாவதில், அக்கா 14 நாள் நாற்றோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கையாலேயே நடட்டும் என்று அதைக் காலியாக விட்டிருக்கிறேன்.