வெண்டைப் பாத்திக்குக் கோழி எருவா, கூட்டு உரமா?

கடந்த ஆகஸ்டில், மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள புக்கிட் மெர்தாஜமில் என் வீட்டின் பின்புறம் 3 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட இரண்டு பாத்திகளை எடுத்து, ஒரே நாளில் வெண்டை விதைகளை ஊன்றினேன். ஒன்றுக்குக் குருணையாக்கிய கோழி எருவும் மற்றொன்றுக்கு 15-15-15 கூட்டு உரமும், அதாவது தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) மூன்றும் நூற்றுக்கு 15 பங்கு வீதம் உள்ள உரமும் அடியுரம். தழைச்சத்தின் அளவு இரண்டிலும் சமமாக இருக்கட்டும் என்று, நூற்றுக்கு 3 பங்கு தழைச்சத்து உள்ள எருவில் 1 கிலோவும், கூட்டு உரத்தில் 200 கிராமும் இட்டேன். இரண்டும் 30 கிராம் தழைச்சத்துதான்.

முதல் மாதம் கூட்டு உரத்துக்கே உரியது. மூன்றாம் வாரத்திலேயே அந்தப் பாத்தியின் இலைகள் அகன்று கரும்பச்சையாகிவிட்டன. எருப் பாத்தி பின்தங்கியே நின்றது. தூக்கிச் சுமப்பதற்கும் கூட்டு உரமே எளிது, வாடையும் இல்லை. இருந்தும் நான் இன்று எருவின் பக்கம் நிற்பதற்குக் காரணம் மழை.

பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெய்யும் மழையை இங்கு பயிரிடும் எவரும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். கூட்டு உரத்தின் தழைச்சத்து விரைவில் நீரில் கரைந்து நைட்ரேட்டாகிறது. நைட்ரேட்டை மண் துகள்கள் பிடித்து வைப்பதில்லை என்பதால், கனமழை அதை வேருக்குக் கீழே இறக்கிவிடுகிறது. மணற்பாங்கான மண்ணில் சாம்பல் சத்தும் அதே வழியில் போகிறது. தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்த பின், அந்தப் பாத்தியில் அடியிலைகள் முதலில் வெளுத்து, பிறகு மஞ்சளாயின. தழைச்சத்து குறையும்போது செடி முதிய இலைகளிலிருந்து அதை எடுத்துத் தளிருக்குக் கொடுக்கும் என்பதால், அடியிலை மஞ்சளாவது தெளிவான அறிகுறி. மேலுரத்தை மூன்று முறை இட நேர்ந்தது. அதில் ஒருமுறை இட்ட மாலையே மழை கொட்டி, வாய்க்காலில் வெண்மையாகக் கரைந்து ஓடியதைப் பார்த்தபோது மனம் பொறுக்கவில்லை.

எருவில் உள்ள தழைச்சத்தின் பெரும்பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகே வேர் எடுக்க முடியும். தொடக்கத்தில் பின்தங்கியதற்கும், பிறகு மழையிலும் தளராமல் நின்றதற்கும் அதுவே காரணம். ஐந்தாம் வாரத்தில் ஒருமுறை மட்டும் இன்னொரு கிலோ சேர்த்தேன். ஏழாம் வாரத்தில் இரண்டு பாத்திகளும் காய்க்கத் தொடங்கின. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தும், எருப் பாத்தியின் காய்கள் நுனியை வளைத்தால் சட்டென்று ஒடியும் இளமையோடு தொடர்ந்து வந்தன. மற்றதில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் பூக்கள் குறைந்தன. இங்குள்ள மண் பெரும்பாலும் அமிலத் தன்மை உடையது. அமோனியம் கலந்த உரங்கள் அதை மேலும் கூட்டுகின்றன. முட்டைக் கோழிகளுக்கு ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து ஊட்டப்படுவதால், அவற்றின் எரு அந்த அமிலத்தைச் சற்றுத் தணிக்கவும் செய்கிறது.

எருவிலும் குறை உண்டு. பதப்படுத்தாத பச்சை எரு வேரைக் கருக்கும், ஈக்களைக் கூட்டும். அதை வீட்டருகே இடவே கூடாது. தழைச்சத்தின் தேவையை முழுக்க எருவாலேயே ஆண்டுதோறும் நிறைவு செய்தால் மணிச்சத்து மண்ணில் மிகுந்துவிடும். தொட்டிச் செடிகளில் இவ்விரண்டையும் நான் ஒப்பிட்டதில்லை. மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில் கூட்டு உரம் இவ்வளவு வீணாகாது என்றே எண்ணுகிறேன், ஆனால் என் அனுபவம் ஒரே ஒரு மழைக்காலத்துடையது.

அடுத்த விதைப்புக்குப் பாத்தி எடுக்கும்போதே எருவை மண்ணோடு கலந்து, இரண்டு வாரம் ஆறவிட்டு விதை ஊன்றப் போகிறேன். பாஜா கடையில் (மலாயில் பாஜா என்றால் உரம்) நிறம் சொல்லியே 'நீலம்' என்று கேட்டு வாங்கும் 12-12-17 உரத்தை, பூ தொடங்கியதும் செடிக்கு ஒரு தேக்கரண்டி வீதம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்ணால் மூடி இடுவேன்.