சுண்டெலிக் கூடத்தில் கீரிப்பூச்சி: ஃபென்பெண்டசோல் தீவனமா, ஐவர்மெக்டினா?

பாளையங்கோட்டைப் பக்கத்தில், ஆய்வுக்காகச் சுண்டெலி வளர்க்கும் எங்கள் சிறிய கூடத்தில், அரிசி ஆலையிலிருந்து வாங்கும் நெல் உமியே படுக்கை. குடலில் வாழும் சிறு புழுவான கீரிப்பூச்சி ஒருமுறை நுழைந்துவிட்டால், அந்த உமித்தூசியோடு அதன் முட்டையும் கூண்டுக்குக் கூண்டு பரவுகிறது.

கிலோவுக்கு 150 மில்லிகிராம் ஃபென்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்து கலந்த தீவனத்தைச் சில வாரங்கள் கொடுத்தால், வளர்ந்த புழு, இளம்புழு, முட்டை ஆகிய மூன்றின் மீதும் அது வேலை செய்கிறது. எந்த எலியையும் கையில் பிடிக்க வேண்டியதில்லை என்பதும், சினை எலிகளும் குட்டிகளும் பொதுவாக இதைத் தாங்கிக்கொள்வதும் எனக்குப் பெரிய ஆறுதல். நோயெதிர்ப்பு, கட்டி தொடர்பான ஆய்வுகளில் மட்டும் முடிவுகளை இது பாதிக்கக்கூடும் என்பதால், ஆய்வாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஐவர்மெக்டின் நம் ஊர் ஆட்டுக்காரர்களுக்கும் பழக்கமான, விலை குறைந்த மருந்து. ஆனால் அது முட்டையைக் கொல்லாததால் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைவிடக் கவலை தருவது, மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் அரண் இன்னும் முதிராத குட்டிகளும், அந்த அரணுக்குரிய பி-கிளைக்கோபுரதம் பிறவியிலேயே குறைந்த சில சுண்டெலி வகைகளும் நடுங்கிச் சாகக்கூடும் என்பதே. இனப்பெருக்கக் கூண்டுகள் நிறைந்த கூடத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும், முட்டை ஆல்கஹாலுக்கு எளிதில் அடங்காது. கூண்டையும் உமியையும் 121 டிகிரி நீராவியில் ஆட்டோகிளேவ் செய்தே உள்ளே அனுப்ப வேண்டும்.