ஃபாஸ்ட்ஏபிஐ லைஃப்ஸ்பேன்: புழங்கிப் பார்த்ததில் ஒரு பாராட்டும் ஒரு கோபமும்

நண்பர் ஒருவர் கேட்டார்: "என் ஃபாஸ்ட்ஏபிஐ ஆப் கிளம்பும்போது ஓட வேண்டிய ஸ்டார்ட்டப் வேலையெல்லாம் ஆன்_ஈவென்ட்டில்தான் எழுதி வைத்திருக்கிறேன். எடிட்டர் அதன்மேல் கோடு போட்டுக் காட்டுகிறது. லைஃப்ஸ்பேனுக்கு மாறணுமா?" ஃபாஸ்ட்ஏபிஐ என்பது பைத்தானில் வெப் ஆப் எழுதும் ஃபிரேம்வொர்க்; ஆப் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஓட வேண்டியதை அதில் எழுதும் பழைய முறை ஆன்_ஈவென்ட், புது முறை லைஃப்ஸ்பேன். இரண்டையும் வேலையில் புழங்கியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023 மார்ச்சில், 0.93 பதிப்போடு ஃபாஸ்ட்ஏபிஐக்கு லைஃப்ஸ்பேன் வந்தது. பார்த்தவுடனே பிடித்துப்போனது. ஒரே ஃபங்ஷன், நடுவில் ஒரு யீல்ட். யீல்டுக்கு மேலே இருப்பது முதல் ரிக்வெஸ்ட் வருவதற்கு முன்பே ஓடிவிடும். கீழே இருப்பது ஆப் நிற்கும்போது ஓடும். டேட்டாபேஸ் பூலை, அதாவது தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பை, திறக்கும் வரியும் மூடும் வரியும் பக்கத்து பக்கத்தில் இருக்கின்றன. முன்பு திறப்பது ஓரிடம், மூடுவது வேறிடம், இரண்டுக்கும் நடுவே ஒரு குளோபல் வேரியபிள். இப்போது அசிங்க் வித் போட்டால் மூடுகிற கவலையே இல்லை. பூல் திறக்காமல் எரர் வந்தால், ஆப்பை ஓட்டும் சர்வரான யுவிகார்ன் அங்கேயே நின்றுவிடும்; அரைகுறையாக எழுந்து ரிக்வெஸ்ட் வாங்காது. அருமையான ஏற்பாடு.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆப்புக்கு லைஃப்ஸ்பேன் கொடுத்துவிட்டால், அதே ஆப்பில் ஆன்_ஈவென்ட்டில் எழுதியவை ஒன்றுகூட ஓடாது. எரர் வராது. லாகில் வழக்கம்போல "அப்ளிகேஷன் ஸ்டார்ட்டப் கம்ப்ளீட்" என்று வரி விழும். டேட்டாபேஸை மட்டும் புது முறைக்கு மாற்றிவிட்டு, ரெடிஸை (கேஷ் போன்றவற்றுக்கான வேகமான டேட்டா ஸ்டோர்) அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் சர்வர் சமர்த்தாகக் கிளம்பும். ரெடிஸைத் தொடும் முதல் ரிக்வெஸ்ட்டில் 500. ஆப் முழுக்கப் பகிர வேண்டியவற்றை வைக்கும் ஸ்டேட் ஆப்ஜெக்ட்டில் ரெடிஸ் என்று ஒரு ஆட்ரிப்யூட்டே இல்லை என்று சொல்லும் டிரேஸ்பேக். ஸ்டார்ட்டப் முடிந்தது என்று லாக் சொன்ன பிறகு, யாருக்கு ஸ்டார்ட்டப் மேல் சந்தேகம் வரும்?

காரணம் புரியாமல் இல்லை. உள்ளே, பழைய ஃபங்ஷன்களை ஓட்டுவதே ஒரு டிஃபால்ட் லைஃப்ஸ்பேன்தான். நம்முடையதைக் கொடுத்ததும் அது விலகிவிடுகிறது. இரண்டில் ஒன்றுதான் என்று டாக்குமென்டேஷனிலும் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓட வேண்டிய ஃபங்ஷன்களின் பட்டியல் ஃபிரேம்வொர்க்கின் கையிலேயே இருக்கிறதே! "இவற்றை ஓட்டப்போவதில்லை" என்று ஒரு வரி சொல்ல என்ன தடை? ஆன்_ஈவென்ட் பழசாகிவிட்டது என்ற வார்னிங் உண்டுதான். அந்த வகை வார்னிங்கைப் பைத்தான் பெரும்பாலும் மறைத்துவிடும். வெளியே வந்தாலும் ஓடாது என்ற சேதி அதில் கிடையாது.

டெஸ்ட்டிலும் இதே குணம். டெஸ்ட்டில் ஆப்புக்கு ரிக்வெஸ்ட் அனுப்பும் டெஸ்ட்கிளையன்ட்டை வித் இல்லாமல் கூப்பிட்டால் லைஃப்ஸ்பேன் ஓடாது. மவுன்ட் செய்த துணை ஆப்பின் லைஃப்ஸ்பேனும் ஓடாது. எல்லாம் சத்தமே இல்லாமல்.

புது ப்ராஜெக்ட் என்றால் லைஃப்ஸ்பேன்தான், யோசிக்கவே வேண்டாம். உங்கள் ஆப் ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா? எடிட்டர் கோடு போட்டால் போடட்டும், இப்போதைக்குத் தொடாதீர்கள். மொத்தத்தையும் ஒரே கமிட்டில் மாற்ற நேரம் கிடைக்கும் அன்றைக்கு, முதலில் ஆன்_ஈவென்ட் என்று கோட் முழுக்கத் தேடுங்கள். கடைசி ஒன்று போகும்வரை மெர்ஜ் செய்ய வேண்டாம்.